உறுதியைப் பார்க்கிறோம், சுவரைப் பார்க்கிறோமா?

எம்மவர்கள் ஒரு வீடு வாங்கப் போனால் முதலில் செய்யும் வேலை உறுதியின் போட்டோப் பிரதியை எடுத்துக்கொண்டு சட்டத்தரணியிடம் போவதுதான். நல்ல பழக்கம். அவரும் காணிப் பதிவகத்துக்கு ஆளனுப்பி, முப்பது வருடம் பின்னோக்கித் தேடிப் பார்த்து, சொத்து எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு வந்தது, ஈடு இருக்கிறதா, வழக்கு இருக்கிறதா, யாருக்காவது ஆயுள் உரித்து வைக்கப்பட்டிருக்கிறதா என்றெல்லாம் எழுதித் தருவார். சேர்வையர் வந்து எல்லைக் கற்களைப் பார்ப்பார். இத்தனைக்கும் பணம் கொடுக்க நாம் தயங்குவதில்லை. ஆனால் அந்தக் காணியின் மேல் ஒரு வீடு நிற்கிறதே, அதைப் பார்ப்பது யார்? நாமும், மனைவியும், மூத்த மகளும், கூடவே தரகரும். மொத்தம் அரை மணித்தியாலம். அதிலும் பத்து நிமிடம் தேநீருக்குப் போய்விடும்.

நான் ஹாட்வெயார் கடைக்காரன். முப்பது வருடத்துக்கு மேலாகச் சீமெந்தும் கம்பியும் பெயின்ட்டும் விற்று வருகிறேன். வீடு கட்டுபவர் மட்டுமல்ல, வீடு வாங்கியவரும் என் கடைக்கு வருவார். இந்த இரண்டாவது வகையினர் பெரும்பாலும் உறுதி எழுதி நான்கைந்து மாதத்தில், முதல் பெரிய மழை பெய்த வாரத்தில் வருவார்கள். சிலேப்பில் ஒழுக்கு, குளியலறைக்குக் கீழே ஈரம், சுவரில் உப்புப் பூத்து பெயின்ட் உரிகிறது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்வார்கள். வியாபாரம் என்ற கணக்கில் எனக்கு அது நட்டமில்லை. ஆனால் மகளுக்கென்று வாங்கிய வீட்டுக்காக ஒருவர் கடையின் முதலிலிருந்து பணத்தை எடுத்து எடுத்துக் கொட்டுவதைப் பார்க்கும்போது, அந்த விற்பனையில் சந்தோஷப்பட முடிவதில்லை. எமது வியாபாரிகளில் பலருக்கு வீட்டுப் பணமும் கடைப் பணமும் ஒரே பைக்குள்தான் கிடக்கிறது. வீடு குடித்தால் கடை வற்றும்.

ஆகவே இந்த வாரம் நான் சொல்ல வருவது ஒன்றுதான். முற்பணம் கொடுக்க முன்னர், வீட்டோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாத ஒரு பொறியியலாளருக்குக் கூலி கொடுத்து அந்தக் கட்டடத்தைப் பார்க்கச் செய்து, அவர் கண்டதை எழுத்தில் வாங்குங்கள். இங்கிலாந்தில் வீடு வாங்குபவர் தன் செலவில் ஒரு சேர்வையரை அமர்த்திப் பார்ப்பதும், அமெரிக்காவில் பரிசோதனை அறிக்கை வந்த பிறகே பேரத்தை உறுதி செய்வதும் பழகிப்போன காரியம். அங்கே குடியிருக்கும் உங்கள் உறவினரைக் கேட்டால் சொல்வார். இங்கே வீட்டுப் பரிசோதகர் என்றொரு தனித் தொழில் இன்னும் வேரூன்றவில்லை. அதற்காகப் பார்க்கக்கூடிய ஆள் இல்லை என்று அர்த்தமில்லை. நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

"வங்கியிலிருந்து மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டாரே, அது போதாதா?" என்று பலர் கேட்பார்கள். போதாது. மதிப்பீட்டாளர் வங்கியின் கேள்விக்குப் பதில் எழுதுகிறவர். கடன் வாங்கியவர் கட்டாமல் விட்டால், இந்தச் சொத்தை அவசரத்துக்கு விற்றால் என்ன கிடைக்கும் என்பதே வங்கியின் கேள்வி. அதற்கு அவர் பேர்ச்சஸ் கணக்கையும், வீதியின் அகலத்தையும், சுற்றுவட்டார விலையையும், கட்டடத்தின் சதுர அடியையும் வயதையும் பார்ப்பார். கூரைக்குள் ஏறிக் கறையான் தேடுவது அவருடைய வேலை இல்லை. அவருடைய அறிக்கையில் பெரிய தொகையைக் கண்டு வீடு திடமானது என்று முடிவுகட்டும் ஆட்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். காணி விலை ஏறிப்போன கொழும்பு போன்ற இடங்களில், வீடு நாளைக்கே இடிந்தாலும் வங்கியின் பணம் காணியிலேயே பத்திரமாக இருக்கும். உங்கள் பணம் அப்படி இல்லை.

சரி, பொறியியலாளர் வந்து என்ன பார்ப்பார்? நானும் பலமுறை கூடப் போயிருக்கிறேன் என்பதால் கொஞ்சம் விபரமாகவே சொல்கிறேன்.

முதலில் வெடிப்பு. வெடிப்பு என்றாலே பயப்பட வேண்டியதில்லை. பூச்சில் தலைமயிர் போல ஓடும் கோடுகள் எல்லா வீட்டிலும் உண்டு. சாந்து காயும்போது வருவது அது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, அல்லது கல் வரிசையோடு படிக்கட்டுப் போல இறங்கி, ஒரு முனையில் விரிந்தும் மறுமுனையில் ஒடுங்கியும் போகிறதே, அந்த வெடிப்புத்தான் விசாரிக்க வேண்டிய வெடிப்பு. சுவரின் உட்பக்கமும் வெளிப்பக்கமும் அதே இடத்தில் அது தெரிந்தால், அத்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்க இடமுண்டு. 5 மில்லிமீற்றருக்கு மேல் விரிந்திருந்தால் பொறியியலாளரின் வார்த்தை இல்லாமல் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள். அந்தப் பக்கத்துக் கதவுகளையும் ஜன்னல்களையும் திறந்து மூடிப் பாருங்கள். நிலை கோணியிருந்தால் கதவு இறுகும். புதிதாகச் சீவிய கதவு விளிம்பைக் கண்டால், ஏன் சீவினார்கள் என்று கேளுங்கள்.

அடுத்தது கொங்கிரீட்டுக்குள் கம்பி. கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்த கம்பி தன்னை மூடியிருக்கும் கொங்கிரீட்டைத் தள்ளி உடைக்கும். சிலேப்பின் அடியில் நேர்கோட்டில் ஓடும் வெடிப்பு, பழுப்புக் கறை, துண்டு துண்டாகப் பெயர்ந்த சாந்து ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள். குளியலறைக்கும் தண்ணீர் டேங்குக்கும் கீழேயுள்ள இடங்களில்தான் இது முதலில் தலைகாட்டும். அங்கேதான் எம்மவர்கள் அழகுக்கென்று சீலிங் அடித்து வைப்பார்கள். ஒரு பலகையைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். பேருவளை, காலி, காத்தான்குடி, கல்முனை போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்றும் இந்தத் துருவுக்குத் துணை போகிறது. கடல் மணலை உப்பு நீங்கக் கழுவாமல் கலந்திருந்தால் சொல்லவே தேவையில்லை. உப்பு நீக்கிய கடல் மணலில் தவறில்லை. ஆனால் பூசி முடிந்த சுவரைப் பார்த்து, கழுவினார்களா இல்லையா என்று என்னைப் போன்ற கடைக்காரனால் சொல்ல முடியாது. சந்தேகம் வந்தால் பொறியியலாளர் ஒரு துண்டை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்.

இதில் இன்னொரு விடயமும் உண்டு. 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபாவை அண்டியிருந்த ஒரு பை சீமெந்து, 2022 நெருக்கடியின்போது மூவாயிரத்தைத் தாண்டியது யாருக்கும் மறந்திருக்காது. அந்த நாட்களில் எத்தனையோ கட்டுமானங்கள் இடைநடுவில் நின்றன. தூண்களின் கம்பிகள் வெயிலிலும் மழையிலும் நின்று துருவேறின. பிறகு வசதி வந்தபோது அதே கம்பியின் மேல் கொங்கிரீட் ஊற்றி முடித்த வீடுகளும் உண்டு, துருவைத் தேய்த்து எடுத்து ஒழுங்காகச் செய்தவர்களும் உண்டு. இப்போது அவையெல்லாம் புது வீடு என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன. எந்த வருடம் அத்திவாரம் போட்டீர்கள், எந்த வருடம் கூரை போட்டீர்கள் என்று இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

வீட்டைப் பார்க்கும் காலமும் முக்கியம். கொழும்பு, களுத்துறை, காலிப் பக்கம் பெப்ரவரி மாதம் வீடு பார்த்தால் எல்லா வீடும் உலர்ந்த வீடுதான். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால்தான் உண்மை வெளிவரும். கிழக்கில் இது தலைகீழ். ஜூன், ஜூலையில் பார்க்கும் வீடு நவம்பர் முதல் ஜனவரி வரை எப்படி நிற்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஆகவே முடிந்தால் மழை பெய்த மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். முடியாவிட்டால், கூரை ஓட்டுக்கும் சீலிங்குக்கும் இடையே ஏறி, மரங்களில் தண்ணீர் வழிந்த தடம் இருக்கிறதா என்று பார்க்கும் ஆளைக் கூட்டிப் போங்கள். வீடு முழுவதும் பழைய பெயின்ட் இருக்க ஒரு சுவரில் மட்டும் புதுப் பெயின்ட் மணந்தால், அந்தச் சுவருக்குத்தான் நீங்கள் விலை கொடுக்கப் போகிறீர்கள். பெயின்ட் விற்பவன் சொல்கிறேன், ஒரு கோட் பெயின்ட் ஒரு பருவமழை வரைக்கும் எதையும் மறைக்கும்.

கடையும் வீடும் சேர்ந்த கட்டடம் வாங்குபவர்களுக்கு இனிச் சொல்வது. கீழே கடை, மேலே குடியிருப்பு, அதற்கும் மேலே எதிர்காலத்தில் பிள்ளைகளுக்கு இன்னும் இரண்டு மாடி என்பதுதானே எம்மவர்களின் கணக்கு. மொட்டை மாடியில் தூண் கம்பிகள் ஒரு முழ உயரத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். அதைக் காட்டி, "நாலு மாடிக்கு அத்திவாரம் போட்டது ஹாஜியார்" என்று தரகர் சொல்வார்.

எனக்குத் தெரிந்த ஒரு புடைவைக் கடை முதலாளி இப்படியொரு இரண்டு மாடிக் கட்டடத்துக்கு மூன்று கோடி இருபது இலட்சம் வரை பேசி முடித்திருந்தார். மேலே இரண்டு மாடி எழுப்பி வாடகைக்கு விடலாம் என்ற நம்பிக்கையில்தான் அந்த விலை. வீட்டாரின் வற்புறுத்தலில் ஒரு பொறியியலாளரைக் கூட்டிப் போனார். வந்தவர் கம்பிகளைப் பார்த்தார். ஒவ்வொரு தூணிலும் 12 மில்லிமீற்றர் கம்பி நான்கு. தூண் ஒன்பது அங்குலத்துக்கு ஒன்பது அங்குலம். முகம் சுருங்கியது. பின்பக்கத் தூண் ஒன்றின் அருகே குழி தோண்ட அனுமதி கேட்டார். விற்பவருக்கு அது பிடிக்கவில்லை, இருந்தும் சம்மதித்தார். அரை நாளில் இரண்டு கூலியாட்கள் அத்திவாரத்தின் அடி வரை தோண்டிக் காட்டினார்கள். அளந்து, மண்ணையும் பார்த்து, இருக்கும் இரண்டு மாடியைத் தாங்கும், மூன்றாவதை இதன் மேல் ஏற்றக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். நகர சபையில் எடுத்த அங்கீகரிக்கப்பட்ட பிளானிலும் இரண்டு மாடிதான் இருந்தது.

இதில் விற்பவரைப் பொய்யர் என்று நான் சொல்ல மாட்டேன். அவரே அந்தக் கட்டடத்தை வேறொருவரிடம் வாங்கியவர், கம்பி நீட்டிக்கொண்டு நின்றதை அவரும் அப்படியே நம்பியிருந்தார். கம்பியை நீட்டி விடுவதற்குப் பெரிய செலவில்லை. அடியில் அகலமாகத் தோண்டுவதற்குத்தான் செலவு. கடைசியில் அந்த முதலாளி கட்டடத்தை விட்டுவிடவில்லை. இரண்டு மாடிக் கட்டடத்துக்குரிய விலையில், இரண்டு கோடி அறுபது இலட்சத்துக்கு முடித்தார். விற்பவரும் அறிக்கையை வாசித்த பிறகே இறங்கி வந்தார். எழுத்தில் இருந்தபடியால் வாய்த்தர்க்கத்துக்கு இடமிருக்கவில்லை.

2017 மே மாதம் வெள்ளவத்தையில் ஒரு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. 2018 பெப்ரவரியில் கிராண்ட்பாஸில் இன்னொன்று. இரண்டிலும் உயிர்கள் போயின. அதனால்தான் இதை வெறும் இலாப நட்டக் கணக்காக என்னால் பார்க்க முடியவில்லை. மேல் மாடியில் தூங்குவது எமது பிள்ளைகள்.

பிளானைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதையும் கொஞ்சம் பார்ப்போம். 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் முதற்கொண்டு, 1978 இல் வந்த நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் வரை, கட்டி முடித்த கட்டடம் அனுமதித்தபடிதான் கட்டப்பட்டிருக்கிறது என்று உள்ளூராட்சி மன்றமோ அதிகார சபையோ தரும் இணக்கச் சான்றிதழைக் கேட்கின்றன. கந்தோர்களில் இதைச் சி.ஓ.சி. என்பார்கள். பிளான் ஒரு மாடிக்கு, வீடு இரண்டரை மாடி, சி.ஓ.சி. இல்லை என்பது எமது ஊர்களில் புதினமே அல்ல. பிளானைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை அறை அறையாகச் சரிபார்க்க வேண்டும். சட்டத்தரணி கந்தோரில் இருந்தபடி இதைச் செய்ய முடியாது. பொறியியலாளர் பிளான் தெரியாமல் செய்ய முடியாது. இரண்டு பேரையும் தொலைபேசியிலாவது கதைக்க விடுங்கள். வீதிக் கோட்டுக்குள்ளும் கட்டடக் கோட்டுக்குள்ளும் நீட்டிக் கட்டிய பகுதிக்கு நீங்கள் சதுர அடிக் கணக்கில் காசு கொடுத்துவிட்டு, நாளைக்கு வீதி அகலமாகும்போது அதை இழந்து நிற்கக்கூடாது.

இனி வீடு நிற்கும் நிலம். வயலை நிரப்பிக் காணித் துண்டுகளாகப் பிரித்து விற்பது ஊரெங்கும் நடக்கிறது. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி நெற்காணியை அனுமதியில்லாமல் நிரப்ப முடியாது என்பது ஒரு பக்கம். நிரப்பிய மண் இறுகி அமர வருடங்கள் எடுக்கும், அதற்கு முன் அதன் மேல் சாதாரண அத்திவாரம் போட்டால் வீடு ஒரு பக்கம் சாயும் என்பது மறு பக்கம். அயலவரிடம் இது முன்பு என்ன நிலம் என்று கேட்டாலே பாதி விடயம் தெரிந்துவிடும். பள்ளிவாசல் திண்ணையில் இருக்கும் வயதான ஒருவர் எந்தச் சேர்வையரையும் விட நன்றாகச் சொல்வார்.

வெள்ளத்துக்கும் அதேதான். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் வீடுகளுக்குள் எவ்வளவு தண்ணீர் ஏறியது என்பது அங்கே சாமான்களை இழந்த வியாபாரிகளுக்குத் தெரியும். அக்குறணை நகரத்துக் கடைக்காரர்களைக் கேட்டால் பிங்கா ஓயாவைப் பற்றி ஒரு நாள் முழுக்கச் சொல்வார்கள். விற்கும் வீட்டின் சுவருக்கு பெயின்ட் அடித்திருப்பார்கள். பக்கத்து வீட்டு மதிலில் அந்தத் தண்ணீர்க் கோடு அப்படியே இருக்கும், அதைப் பாருங்கள். மலைநாட்டில் வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைச் சரிவுகள் எப்படி இறங்கின என்று கண்டோம். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டடம் எழுப்புவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு கேட்கப்படுகிறது. நீங்கள் வாங்கும் வீட்டுக்கு அது எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்டி அணைச்சுவர் கட்டியிருந்தால், அந்தச் சுவர் வயிறு தள்ளி நிற்கிறதா, தண்ணீர் வடியும் துளைகள் இருக்கின்றனவா, அவை அடைபட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். மேலே உள்ள மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் நின்று யோசியுங்கள்.

மின்சாரம், தண்ணீர், கழிவு மூன்றையும் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். ட்ரிப் சுவிட்ச்சில் இருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின் துண்டிக்கப்பட வேண்டும், இல்லையென்றால் வயரிங் முழுவதையும் சந்தேகப்படுங்கள். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். கிணறு உள்ள வீடென்றால் மலசலகூடக் குழி எங்கே இருக்கிறது, உங்கள் வீட்டுடையது மட்டுமல்ல, மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுடையதும் எங்கே என்று கேளுங்கள். 50 அடித் தூரமாவது வேண்டும் என்று பி.எச்.ஐ. மார் சொல்வார்கள். காத்தான்குடி போல நெருக்கமாக வீடுகள் உள்ள ஊரில் அந்தத் தூரம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது எனக்கும் தெரியும். தூரம் கிடைக்காவிட்டால் தண்ணீரையாவது பரிசோதிப்புக்கு அனுப்புங்கள்.

மாடி வீட்டுத் தொகுதியில் ஒரு பிளட் வாங்குபவர் தன் நான்கு சுவரைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடுகிறார். அங்கே செலவு வைப்பதெல்லாம் வெளியே. லிப்ட், தண்ணீர் பம்ப், மொட்டை மாடி, கழிவுக் குழாய்கள், தீயணைப்புச் சாதனங்கள் எல்லாம் பொதுச் சொத்து. அவற்றைத் திருத்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் பணம் இருக்கிறதா, எத்தனை பேர் பராமரிப்புக் கட்டணம் பாக்கி என்று கணக்கைக் கேளுங்கள். கூட்டாதனப் பிளான் பதிவாகியிருக்கிறதா என்று சட்டத்தரணி பார்ப்பார். லிப்டுக்கு என்ன வயது என்று அவர் பார்க்க மாட்டார்.

சரி, செலவு எவ்வளவு? இரண்டு கோடி ரூபாவுக்கு ஒரு வீடு வாங்கினால் முத்திரைத் தீர்வை மட்டும், முதல் இலட்சத்துக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமுமாக, 799,000 ரூபா. பொறியியலாளருக்கென்று நான் கொடுக்கக் கண்ட கூலி எதுவும் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டியதில்லை. குழி தோண்டல், ஆய்வுகூடச் சோதனை என்று போனால் கூடும். ஆனால் அது தேவைப்படும் வீட்டுக்கு மட்டும்தான்.

யாரை அழைப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தரகர் கூட்டி வரும் பொறியியலாளர் வேண்டாம். திருத்த வேலையையும் நானே செய்து தருகிறேன் என்று சொல்பவரும் வேண்டாம். மேசன் பாஸைக் கூட்டிப் போவது பற்றி நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். பூச்சு, ஓடு, டைல்ஸ், கூரை மரம் இவற்றில் அனுபவமுள்ள பாஸின் கண்ணுக்குத் தெரிவது பட்டம் பெற்ற சிலருக்குத் தெரியாது. ஆனால் சிலேப் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பாஸ் சொல்வது ஊகம். அவரிடம் எழுத்தில் வாங்கவும் முடியாது. 2017 இல் வந்த சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கைப் பொறியியல் பேரவையில் பதிவு செய்த, கட்டட அமைப்பில் அனுபவமுள்ள பட்டயப் பொறியியலாளராகப் பாருங்கள். பாஸையும் கூட்டிப் போங்கள். நீங்களும் கூடவே நில்லுங்கள், அறிக்கையை வாசிப்பதை விட அவர் பின்னால் நடந்து கேட்பதில் அதிகம் விளங்கும். அவராலும் டைல்ஸுக்கு அடியிலும் சுவருக்குள்ளும் பார்க்க முடியாது. எதைப் பார்க்க முடியவில்லை என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இதற்கு வரும் ஆட்சேபனை பெரும்பாலும் காசு பற்றியதாக இருப்பதில்லை. "அப்படிக் கேட்டால் வீட்டுக்காரர் கோபிப்பார், அதற்குள் வேறொருவர் எடுத்துவிடுவார்" என்பதுதான் பயம். தரகர்களும் இந்தப் பயத்தை நன்றாக ஊதிவிடுவார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. நல்ல வீதியில் நல்ல வீடு வந்தால் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள்தான். ஆனால் மூன்று நாள் அவகாசம் கேட்டதற்கே கை மாறிவிடும் வீடுகள் மிகக் குறைவு. என்ன கூலி கொடுத்தும் பார்க்க விடமாட்டேன் என்று ஒருவர் சொன்னால், உங்களுக்கு வேண்டிய அறிக்கை அங்கேயே இலவசமாகக் கிடைத்துவிட்டது. சாமானைப் பிரித்துப் பார்க்க விடாத மொத்த வியாபாரியிடம் நாம் ஒரு மூட்டை வாங்குவோமா?

விற்பவர் பக்கத்திலும் ஒரு பொறுப்பு இருக்கிறது. ஈரமான தானியத்தை அடியில் மறைத்து வைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவத்தை எமது வியாபாரிகளுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. குறை தெரியாமல் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை ஷரீஆவில் உண்டு, மறைவான குறைக்காக வழக்காட இந்நாட்டு ரோமன் டச்சுச் சட்டத்திலும் இடமுண்டு. ஆனால் குறை விற்கும் நாளிலேயே இருந்தது, சாதாரணமாகப் பார்த்தால் தெரிந்திருக்காது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வருடங்கள் போகும். எனவே நீங்கள் வீடு விற்கப் போகிறீர்கள் என்றால், நீங்களே ஒரு பொறியியலாளரைக் கொண்டு பார்த்து, அறிக்கையை வருபவரின் கையில் கொடுங்கள். ஒழுக்கு இருந்தால் ஒழுக்கு இருக்கிறது என்று சொல்லி விலையைப் பேசுங்கள். பின்னால் வாசலில் வந்து நின்று சத்தம் போட யாரும் வர மாட்டார்கள்.

கடைசியாக முற்பணம். கைப்பட எழுதிய பற்றுச்சீட்டில் பத்து இலட்சம் கொடுத்துவிட்டு வீடு எனக்குத்தான் என்று இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தாத காணி உடன்படிக்கைக்கு வலுவில்லை. அந்தச் சீட்டைக் காட்டி வீட்டை எழுதித் தா என்று கேட்க முடியாது. அறிக்கை கைக்கு வந்த பிறகு முற்பணம் கொடுப்பதே சிறந்தது. போட்டி காரணமாக முன்னதாகவே கட்டத்தான் வேண்டும் என்றால், நொத்தாரிசு முன்னிலையில் விற்பனை உடன்படிக்கை எழுதி அதில் ஒரு பந்தியைச் சேர்க்கச் சொல்லுங்கள். வாங்குபவர் தன் செலவில் குறித்த நாளுக்குள் கட்டடத்தைப் பரிசோதிக்கலாம், அமைப்பில் பாரிய குறை இருப்பதாகப் பொறியியலாளர் எழுதித் தந்தால் விலகலாம், அப்படி விலகினால் முற்பணம் முழுவதும் இத்தனை நாளுக்குள் திரும்ப வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். குழி தோண்டவும் சீலிங் கழற்றவும் அனுமதி உண்டு, கழற்றியதைப் பூட்டிக் கொடுப்பது வாங்குபவர் பொறுப்பு என்பதையும் அதே பந்தியில் போட்டுவிடுங்கள். சட்டத்தரணிக்கு அது பத்து நிமிட வேலை.

உறுதி எழுதும் நாளுக்கு முதல் நாள், வீட்டில் சாமான்கள் எல்லாம் ஏற்றி முடிந்த பிறகு, அதே அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு இன்னொரு தடவை போய்ப் பாருங்கள். அலுமாரிக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது அன்றைக்குத்தான் தெரியும்.